கனடாவுக்கு 20 நாள் மெஷின் வேலைக்குப் போகும் தம்பிக்கு வொர்க் பெர்மிட் வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

களக்காட்டு வாழைக்காரன்:
அண்ணாச்சிமாரே, அவசர உதவி. என் தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு வருஷமாக கோயம்புத்தூரில், பருப்பு அரிசியைத் தரம் பிரிக்கிற கலர் சார்ட்டர் மெஷின் செய்யும் கம்பெனியில் சர்வீஸ் டெக்னீஷியனாக இருக்கிறான். கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் உள்ள ஒரு மசூர் பருப்பு ஆலைக்கு அவர்கள் விற்ற மெஷின் கப்பலில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை ஓடவிட்டு, டெஸ்ட் பார்த்து, அங்குள்ள ஆபரேட்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர இவனை 20 நாள் அனுப்புகிறார்கள்.

ஆபீஸில் ஒருவர் "சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று ஃபார்மில் போடு, ஏர்போர்ட்டிலும் அதையே சொல்லு" என்கிறார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஏஜென்ட்டோ வொர்க் பெர்மிட் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரண்டரை லட்சம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன், இல்லையென்றால் விசிட்டர் விசாவில் போய் அங்கேயே பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எது உண்மை?

வள்ளியூர் சர்வீஸ்காரன்:
தம்பி, முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் இதே மாதிரி பேக்கிங் மெஷினுக்காக டொராண்டோ பக்கம் போய் வந்தவன்.

அவர்கள் இரண்டு பேர் சொல்வதும் தப்பு. இந்த வேலைக்கு வொர்க் பெர்மிட் வேண்டாம், ஆனால் பொய் சொல்லவும் கூடாது. கனடா குடிவரவு விதிகளில் 186, 187 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, பெர்மிட் இல்லாமல் யார் யார் எந்த வேலை செய்யலாம் என்பது அங்கேதான் வருகிறது. அதில் 'பிசினஸ் விசிட்டர்' என்ற வகையில், விற்ற மெஷினுக்கு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து சர்வீஸ் செய்வது, டெஸ்ட் பார்த்து ஓடவிடுவது, பொருத்துகிறவர்களை மேற்பார்வை பார்ப்பது, ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அடங்கும். சம்பளம் இந்தியாவில் இருந்தே வர வேண்டும், கம்பெனியின் முக்கியத் தொழில் இடம் கனடாவுக்கு வெளியே இருக்க வேண்டும், அங்கே வேலைச் சந்தையில் நுழைகிற எண்ணம் இருக்கக் கூடாது. மூன்றும் உங்கள் தம்பிக்குப் பொருந்துகிறது.

ஆனால் விசிட்டர் விசா கட்டாயம், நம் பாஸ்போர்ட்டுக்கு அது இல்லாமல் முடியாது. விசாவுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. நோக்கம் என்று கேட்கும் இடத்தில் பிசினஸ் என்றே போடுங்கள். டூரிஸ்ட் என்று எழுதிவிட்டு, பெட்டியில் மல்டிமீட்டரும் கம்பெனி கடிதமும் அகப்பட்டால், தவறான தகவல் கொடுத்ததாக 5 வருஷம் அந்த நாட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஆபீஸில் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது, பாஸ்போர்ட் தம்பியுடையது.

பேட்டை ஐடி:
எதற்கு இவ்வளவு சுற்றி? 30 நாள் விதி இருக்கிறதே, 2017ல் கொண்டுவந்தது. குறுகிய கால வேலைக்கு 6 மாதத்தில் ஒரு தடவை 15 நாள் வரை, அல்லது 12 மாதத்தில் ஒரு தடவை 30 நாள் வரை பெர்மிட் வேண்டாம். 20 நாள்தானே, அதிலேயே போகலாம்.

வள்ளியூர் சர்வீஸ்காரன்:
விதி சரி, ஆள்தான் சரியில்லை. அது அவர்களுடைய தொழில் பட்டியலில் டீர் 0, டீர் 1 என்ற மேல் இரண்டு படிகளுக்கு மட்டும், அதாவது மேனேஜர், டிகிரி படித்த இன்ஜினியர் மாதிரி. டெக்னீஷியன் டீர் 2ல் வருகிறார். அதை நம்பி இவர் போய் நின்றால் சிக்கல். சர்வீஸ் வழியே போகட்டும்.

வாழைக்காரன் தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். கம்பெனிக்கும் ஆலைக்கும் போட்ட விற்பனை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். பொருத்துவதும் பயிற்சியும் வாரண்டியும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். பிற்பாடு சம்பந்தமில்லாத மூன்றாவது கம்பெனியோடு தனியாகப் போட்ட சர்வீஸ் ஒப்பந்தம் என்றால் இந்த விலக்கு கிடையாது.

களக்காட்டு வாழைக்காரன்:
நன்றி அண்ணாச்சி. ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டோம், நாலாவது பக்கத்திலேயே மேற்பார்வை, ஓட்டிக் காட்டுவது, பயிற்சி, ஒரு வருஷ வாரண்டி எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆலை மேனேஜர் நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார், பேனலில் இருந்து மெஷினுக்குக் கரண்ட் லைனும் கம்ப்ரஸரில் இருந்து காற்றுக் குழாயும் இவனே இழுத்துக் கொடுத்துவிட முடியுமா, அங்கே எலக்ட்ரீஷியன் கூலி ரொம்ப அதிகம் என்று. தம்பிக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். செய்யலாமா?

வள்ளியூர் சர்வீஸ்காரன்:
கூடாது, கண்டிப்பாகக் கூடாது. இந்தப் பயணத்தில் கெட்டுப்போகிற இடமே இதுதான். எலக்ட்ரீஷியன், பைப் ஃபிட்டர் மாதிரி கட்டடத் தொழிலாளிகள் செய்கிற கைவேலையை பிசினஸ் விசிட்டராகப் போனவர் தொடக்கூடாது, அருகில் நின்று இப்படி இழு, அப்படிப் பொருத்து என்று சொல்லலாம். என்னை டொராண்டோ ஏர்போர்ட்டில் தனியாக உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேட்டதும் இதைத்தான், "வயரிங் யார் செய்வார்?" என்று இரண்டு விதமாகக் கேட்டார் அங்கிருந்த அதிகாரி அம்மா. ஆலையின் ஆள்தான் செய்வார், நான் செட்டிங் வைத்து டெஸ்ட் பார்ப்பேன் என்று சொல்லி ஒப்பந்தத்தில் மஞ்சள் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். அந்த வாட்ஸ்அப்புக்குக் கம்பெனியே மெயிலில் முடியாது என்று பதில் போடட்டும், உள்ளூர் எலக்ட்ரீஷியனை ஏற்பாடு செய்துவிட்டோம் என்று ஆலையிடம் எழுதியும் வாங்குங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியது: ஆலையின் அழைப்புக் கடிதம், அதில் எந்த நேரத்திலும் எடுக்கிற ஒரு போன் நம்பர், சம்பளம் நாங்களே கொடுக்கிறோம் என்று கம்பெனி கடிதம், ஒப்பந்த நகல், திரும்பி வரும் டிக்கெட். எல்லாம் கைப்பையில், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

பிராம்டனில் இருக்கும் தென்காசிக்காரி:
அந்த ஏஜென்ட் சொன்ன 'போய் மாற்றிக்கொள்ளலாம்' பற்றி ஒரு வார்த்தை. விசிட்டராக வந்தவர்கள் உள்ளே இருந்தே வொர்க் பெர்மிட் கேட்கலாம் என்று கொரோனா காலத்தில் கொடுத்த தற்காலிகச் சலுகையை 2024 ஆகஸ்ட் 28 அன்றே நிறுத்திவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள், இங்கே வந்து அழுகிற பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. தயவுசெய்து ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பாளையங்கோட்டை மருமகன்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமா போதகர், டொராண்டோவில் ஒரு தமிழ்ச் சபை மூன்று வாரம் ஆராதனை நடத்தக் கூப்பிடுகிறது. அவருக்கும் இதே வழியா?

பிராம்டனில் இருக்கும் தென்காசிக்காரி:
அவருக்கு வேறு உட்பிரிவு அண்ணா. பிரசங்கம் செய்வது, வழிபாடு நடத்துவது, ஆறுதல் ஆலோசனை சொல்வது முக்கிய வேலை என்றால் 186லேயே விலக்கு இருக்கிறது, கோயிலுக்கு வரும் குருக்களுக்கும் அதுதான். சபையின் கடிதமும் அவர் போதகர் என்பதற்கான சான்றும் வேண்டும். விசிட்டர் விசா அவருக்கும் வேண்டும்.

களக்காட்டு வாழைக்காரன்:
விசா வந்துவிட்டது! சென்னையில் கைரேகை கொடுத்தான், பிசினஸ் என்றே போட்டோம், ஒப்பந்தத்தையும் சேர்த்தோம். எலக்ட்ரீஷியன் ஏற்பாடு ஆகிவிட்டது என்று ஆலையும் மெயில் அனுப்பிவிட்டது. வியாழக்கிழமை தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டில் ஏறிச் சென்னை, அங்கிருந்து மாறிப் போகிறான். வள்ளியூர் அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி நாலாவது பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டது அப்பாதான்.