கேப்டனும் நானே, ஓப்பனரும் நானே: கிரேம் ஸ்மித்திடம் எதை எடுக்கலாம்?

செந்தூல் இடக்கை:
வணக்கம். கோலாலம்பூர் வாரக்கடைசி லீக்கில் இந்தப் பருவம் கேப்டன் பொறுப்பு என் தலையில். இடக்கை ஓப்பனர், அதாவது முதல் ஆளாக இறங்கும் மட்டையாளன். "ரெண்டையும் சுமந்தா ரன் வராது, நாலாவதா இறங்கு" என்பதுதான் அணியில் பேச்சு. தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஸ்மித் பத்து வருடத்துக்கு மேல் இரண்டையும் சுமந்தாரே, எப்படி? உள்ளே வரும் பந்து ஸ்டம்ப்புக்கு நேரே காலில் பட்டு அவுட் (எல்பிடபிள்யூ) ஆகும் வியாதி அவரைப் போலவே எனக்கும் உண்டு.

பிரிக்பீல்ட்ஸ் ஸ்கோரர்:
தம்பி, 2003 உலகக் கிண்ணம் முடிந்து முந்தைய கேப்டன் பொல்லாக்கிடமிருந்து பொறுப்பு கைமாறியபோது ஸ்மித்துக்கு வயது 22. அதுவரை ஆடியது 8 டெஸ்ட்தான். மொத்தம் 117, மீதி 109-உம் கேப்டனாக (2005-இல் உலக அணிக்கு ஆடிய ஒன்றும் சேர்த்து). 27 சதங்களில் 25 பதவிக்கு வந்த பிறகு. முன்பு ஆடியது கொஞ்சம் என்பதால் "முன், பின்" ஒப்பீடு செல்லாது. ஆனால் சுமை அவரை அமுக்கவில்லை. அந்த வருடமே இங்கிலாந்தில், எட்ஜ்பாஸ்டனில் 277, அடுத்த டெஸ்டில் லார்ட்ஸில் 259.

இந்த இரட்டைச் சதங்களைவிட நான் பெரிதாக மதிப்பது நான்காவது இன்னிங்ஸில், அதாவது கடைசித் துரத்தலில், அடித்த சதங்களை. மொத்தம் நான்கு, நான்கிலும் வெற்றி. வெலிங்டன் 2004, எட்ஜ்பாஸ்டன் 2008, அதே வருடம் பெர்த், கேப்டவுன் 2011. எட்ஜ்பாஸ்டனில் இலக்கு 281. 93-க்கு 4 விக்கெட் போன பிறகும் கடைசிவரை நின்று 154 நாட் அவுட். பெர்த்தில் இலக்கு 414, இவர் 108. துரத்தும் கணக்கைப் போட்டவரே களத்திலும் நின்றதுதான் அங்கே லாபம். நாலாவதாக இறங்குபவர் அந்தக் கணக்கைப் பெவிலியனில் உட்கார்ந்துதான் போட வேண்டும்.

வலைப்பயிற்சி:
எல்பிடபிள்யூ விஷயத்துக்கு வருகிறேன். ஸ்மித்தின் கீழ்க்கை (பிடியில் கீழே இருக்கும் கை) ஓங்கியது. மட்டையின் முகம் மிட்-ஆன் பக்கம் மூடியே வரும். முன்கால் ஆஃப் ஸ்டம்ப்பை நோக்கிக் குறுக்கே விழும். பந்து உள்ளே திரும்பினால் மட்டை காலைச் சுற்றி வர வேண்டியிருக்கும், அதற்குள் கால் பேடில் பட்டுவிடும். இந்திய இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான் அவரைத் திரும்பத் திரும்பத் தூக்கியது இப்படித்தான்.

சீசன் நடுவில் பிடியைத் தொடாதே. காலை மட்டும் திருத்து. கிரீஸிலிருந்து ஒரு எட்டு முன்னால், ஆஃப் ஸ்டம்ப் நேரே பழைய சப்பாத்து ஒன்றை வை. 15 மீட்டரிலிருந்து ஒருவர் உள்ளே வரும்படி எறியட்டும்; 6 பந்து, 4 சுற்று. கால் சப்பாத்தில் இடித்தால் குறுக்கே போகிறாய் என்று அர்த்தம். பந்தின் கோட்டுக்கு லெக் பக்கமாகக் கால் விழ வேண்டும், அப்போதுதான் மட்டை நேராக இறங்க இடம் கிடைக்கும். முதல் சுற்றில் மேல்கையால் மட்டும் அடி.

பிடியை சீசன் முடிந்து பார்க்கலாம். மட்டையை முகம் தரையில் படக் கிடத்தி, கோடரியைத் தூக்குவதுபோல் எடு. இரு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் 'வி' வடிவம் ஒரே கோட்டில் அமரும். ரொம்பவும் திறந்துவிடாதே. ஸ்மித்துக்கு ரன் கொட்டியதே லெக் பக்க கிளிப்பில்தான். அதை இழந்தால் ஸ்லிப்புக்கு எட்ஜ் போகும், ரன்னும் போகும்.

செயற்கைப் பிட்ச்சில் பந்து எழும்பி ஸ்டம்ப்புக்கு மேலே போய்விடுவதால் இந்தக் குறை மறைந்து கிடக்கும். பாண்டாமாரான் பாயுமாஸ் ஓவல் மாதிரி புல்தரைப் பிட்ச்சுக்குப் போனதும் வெளியே வரும்.

பிரிக்பீல்ட்ஸ் ஸ்கோரர்:
அதோடு, முதலில் ஃபீல்டிங் என்றால் இடைவேளை 10 நிமிடம்தான். பேட், தொடைப் பேட், இரண்டு ஜோடி கையுறை எல்லாம் டாஸுக்கு முன்பே விரித்து வைத்திரு. நம்ம ஊர் வெக்கையில் முதல் ஜோடி ஆறாவது ஓவரிலேயே நனைந்துவிடும். பேட்டிங் வரிசையைத் துணைக் கேப்டனிடம் எழுதிக் கொடுத்துவிடு. புல்தரை என்றால் பிட்ச்மேல் உருளை ஓட்டச் சொல்வதும் உன் பொறுப்பு, அதிகபட்சம் 7 நிமிடம். அம்பயரிடம் சொல்ல மறந்தால் வாய்ப்பு போச்சு.

செந்தூல் இடக்கை:
நன்றி அண்ணே. ஃபீல்டிங்கில் எங்கே நிற்பது? இப்போது கவர்.

வலைப்பயிற்சி:
கை நன்றாக இருந்தால் முதல் ஸ்லிப். ஸ்மித்தும் அங்கேதான். ஓட்டம் குறையும், ஸ்விங் எந்தப் பக்கம் என்பது தெரியும். சுழல் வந்ததும் மிட்-ஆஃபுக்கு வா, பந்துவீச்சாளரிடம் பேச அதுதான் பக்கம். 100 பிளஸ் பானத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு பேட் கட்டாதே, ஓட்டத்தில் வயிறு குலுங்கும். டிரிங்க்ஸ் இடைவேளையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடி.