அம்மாவின் அஸ்தியை எங்கே கரைப்பது?

அம்மா தவறி இன்றோடு ஒன்பது நாள். பெசன்ட் நகர் மாநகராட்சி மயானத்தில் தகனம் முடிந்தது. அங்கே எரிப்பதற்குக் கட்டணம் கிடையாது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும், அதற்குள் வண்டிக்காரர் 'எல்லாம் சேர்த்து' என்று 22,000 வாங்கிவிட்டார். சரி, போகட்டும்.

அஸ்தி மண்கலயத்தில், மஞ்சள் துணி கட்டி, வேளச்சேரி வாடகை வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்குகிறது. ஹவுஸ் ஓனர் தினமும் கேட்கிறார். ராமேஸ்வரம் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், பஸ்ஸில் போகலாமென்றால் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவ்வளவு நேரம் உட்கார முடியாது. விசாரித்த இரண்டு புரோகிதர்களும் கார் வாடகை இல்லாமலே 15,000 சொன்னார்கள்.

பதினாறாம் நாளுக்குள் முடிக்க வேண்டும். அப்பாவைக் காரில் கூட்டிக்கொண்டு காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பும்படி, 5,000 ரூபாய்க்குள் அஸ்தி கரைக்கச் சென்னைக்குப் பக்கத்தில் எங்கே போகலாம்?