சீம்பால்ல இருக்கற லாக்டோஃபெரின், மருந்துக்கு அடங்காத கிருமிய தடுக்குமா?

வானதி82:
வணக்கம், என் தங்கச்சிக்கு 30 வாரத்துலயே குழந்தை பொறந்துடுச்சு, இப்ப என்ஐசியூல (பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியூ) இருக்கான். பக்கத்து குழந்தைக்கு கிளெப்சியெல்லா கிருமி வந்து எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேக்கலன்னு காதுல விழுந்ததுல இருந்து வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல. நர்ஸ் அக்கா ரெண்டு சொட்டு சீம்பால் கிடைச்சாலும் எடுத்துட்டு வாங்க, அதுல லாக்டோஃபெரின்னு ஒரு புரோட்டீன் இருக்குங்கறாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் ஆன்லைன்ல அதோட பவுடரே பாத்துட்டு ஆர்டர் போடலாமான்னு கேக்கறார். வாங்கலாமா?

மைக்ரோ_செல்வி:
வானதி, பயப்படாதீங்கம்மா. நான் மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன். கிருமி பெருகணும்னா அதுக்கு இரும்புச்சத்து வேணும். லாக்டோஃபெரின் ஒவ்வொண்ணும் ரெண்டு இரும்பு அணுவ இறுக்கிப் பிடிச்சுக்கும், கிருமிக்கு விடாது. மருந்துக்கு அடங்காத கிருமியா இருந்தாலும் பசி பசிதானே. முட்டை வெள்ளைக்கருவுல இதே மாதிரி ஒரு புரோட்டீன் இருக்கறத 1944லயே கண்டுபிடிச்சாங்க, வெள்ளைக்கரு சேத்தா வளராத சீதபேதிக் கிருமி இரும்பு போட்டதும் திரும்ப வளந்துச்சு. நம்ம ரத்தத்துல அந்த வேலைய ட்ரான்ஸ்ஃபெரின் பண்ணுது. ஆனா கிருமியும் சும்மா இருக்காது, சிடரோஃபோர்னு ஒண்ண வெளிய அனுப்பி இரும்ப பிடுங்கிட்டு வரும், கிளெப்சியெல்லா அதுல ரொம்ப கெட்டி. அந்த வழியவே வச்சு அதை ஏமாத்தற மருந்தும் இருக்கு, செஃபிடெரோகால், 2019ல அமெரிக்கால அனுமதி குடுத்தாங்க. கிருமி இரும்புன்னு நெனச்சு மருந்தையும் சேத்து உள்ள இழுத்துக்கும். எனக்கு இதைப் படிச்சப்போ புல்லரிச்சுது.

பவுடர் விஷயம்: வாங்காதீங்க. பிரிட்டன்ல சுமார் 2200 குறைமாசக் குழந்தைங்களுக்கு மாட்டுப்பால் லாக்டோஃபெரின் குடுத்துப் பாத்த ஆய்வு 2019ல வந்துச்சு, இன்ஃபெக்ஷன் குறையல. அதுக்கு முன்னாடி இத்தாலில நடந்த சின்ன ஆய்வுல குறைஞ்சுதுதான், அதான் எல்லாருக்கும் அவ்ளோ நம்பிக்கை. டாக்டரக் கேக்காம அந்தப் பிஞ்சுக்கு எதையும் குடுத்துடாதீங்க.

பிரபு_அப்பா:
அப்போ இரும்புச் சொட்டு மருந்து குடுத்தா கிருமிக்குத் தீனி போட்ட மாதிரி ஆகாதா மேடம்? எங்க பாப்பாக்கு எழுதிக் குடுத்திருக்காங்க.

மைக்ரோ_செல்வி:
நிறுத்திடாதீங்க சார்! குறைமாசக் குழந்தைக்கு உடம்புல இரும்பு சேமிப்பே கம்மி. எப்ப ஆரம்பிக்கணும், எவ்ளோங்கறத டாக்டர் பாத்துப்பாங்க.

கயல்அம்மா:
வானதி அக்கா, என் பொண்ணும் 31 வாரம்தான். மொத நாள் பம்ப் பண்ணினா ஒண்ணுமே வரல, அழுதுட்டேன், அப்புறம் கையாலயே மெதுவா பிழிஞ்சு சிரிஞ்சுல அரை மில்லி எடுத்தேன், அதை நர்ஸ் அவ கன்னத்துக்குள்ள தடவி விட்டாங்க. சீம்பால்ல லாக்டோஃபெரின் பின்னாடி வர்ற பாலைவிட பல மடங்கு அதிகம், மாட்டுப்பால்ல ரொம்பக் கம்மி. தங்கச்சிய ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எடுக்கச் சொல்லுங்க, ராத்திரியும். உள்ள போறவங்க எல்லாரும் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவறாங்களான்னும் பாத்துக்கோங்க.

வானதி82:
ரொம்ப நன்றி. ஆர்டர் வேணாம்னு சொல்லிட்டேன். இப்பதான் 1 மில்லி எடுத்துட்டுப் போனோம்.