புதுப்பிப்பு: நத்தம் சாலைப் பாலத்தில் மீண்டும் கார் ஓட்டினேன்

மதுரை நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தின் நடுவே நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்துப்போய், மாரடைப்பென்றே நம்பிக் காரை ஓரங்கட்டியதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இதயப் பரிசோதனையில் குறையேதும் இல்லை. அது பீதித் தாக்குதல் (panic attack), அதாவது திடீரெனப் பொங்கும் கடும் அச்சம் என்று மனநல மருத்துவர் உறுதிசெய்தார். அட்ரினலின் என்ற ஹார்மோன் பெருகி எழும் அந்த அலை பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் தணியும் என்பதையும், தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றும் என்பதையும் அவர் விளக்கிய பிறகுதான், பாலத்தை ஒதுக்கிக் கீழ்ச்சாலையிலேயே போய்வந்த என் தவறு புரிந்தது.

முதலில் அண்ணனை அருகில் அமர்த்திக்கொண்டு, விடியற்காலையில் மட்டும் ஏறினேன். நேற்று தனியாகச் சென்றேன். பாதி வழியில் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட நீளமாக விட்டபடி, இடப்புறத் தடத்திலேயே சென்று ஊமச்சிகுளம் பக்கம் இறங்கினேன். இதே துன்பத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச வேண்டுமெனில் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் இலவசம்.