சக்கிமுக்கி ரைஃபிளின் முதல் வேட்டு: எப்படிச் சோதிப்பது?

கேள்வி: லங்காஸ்டர்வாசி

வணக்கம். நான் வசிக்கும் பென்சில்வேனியாவில், கிறிஸ்துமசுக்குப் பிறகு, சக்கிமுக்கிக் கல்லால் பற்றும் ஃபிளின்ட்லாக் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்குக் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீண்ட ரைஃபிளின் வடிவில், பாகங்களாக வாங்கிய .50 காலிபர் (குழல் துளை அரை அங்குலம்) துப்பாக்கி ஒன்றை நான்கு மாதங்களாக இழைத்துச் சேர்த்து முடித்திருக்கிறேன். மேப்பிள் கட்டையில் விசைப்பொறியை அமர்த்துவதற்கே ஆறு வாரங்கள் போயின. இரும்பை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்கச் செய்து, மரத்தில் அழுத்தி, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவுவதை எத்தனை நூறு முறை செய்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

இப்போது சுட்டுப் பார்க்க வேண்டும். முதல் வேட்டுக்கு வழக்கத்தைப்போல் இரு மடங்கு வெடிமருந்தும் இரண்டு குண்டுகளும் இட்டுக் குழலைச் சோதிக்க வேண்டும் என்று சிலரும், அது தேவையில்லை என்று சிலரும் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் எதைச் செய்வீர்கள்?

பதில்: பழையகுழல்

இரு மடங்கு மருந்து வேண்டாம். பிரிட்டனில் குழல்களை மிகை மருந்திட்டுச் சோதித்து முத்திரை குத்தும் சோதனைக் கூடங்கள் உண்டு. பர்மிங்ஹாம் கூடம் 1813இல் சட்டப்படி ஏற்பட்டது. லண்டனில் அந்த வேலை 17ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. ஆனால் அங்கே சுட்டபின் குழலை அளந்து, வீங்கியிருக்கிறதா, கீறல் விட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மிகை மருந்திட்டுச் சுடுபவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைத் தாமே உண்டாக்கிவிட்டு, குழல் தேறிவிட்டது என்ற நம்பிக்கையோடு அதைக் கன்னத்தில் வைப்பார்.

உங்கள் குழலின் அடிமூடி, அதாவது பின்முனையை அடைக்கும் திருகு, தொழிற்சாலையிலேயே முறுக்கப்பட்டு வந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். நீங்கள் கைவைத்த இடங்களைத்தான் நான் சந்தேகிப்பேன்: குழலைக் கட்டையோடு பிணைக்கும் காதுகளுக்கும் குறிமுள்ளுக்கும் வெட்டிய பள்ளங்கள் ஆழமாகிவிட்டனவா என்று அளந்து பாருங்கள்.

மருந்து கருமருந்தாகவே இருக்க வேண்டும். புகையற்ற நவீன மருந்து ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது. அதன் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவுகளில் தாழ்ந்ததிலிருந்து தொடங்குங்கள். என் .50 ரைஃபிளுக்கு மூன்று எஃப் எனப்படும் நுண்மணி மருந்து 50 கிரெயின், அதாவது ஏறத்தாழ 3.2 கிராம்; .490 அங்குலத் தூய ஈயக் குண்டு. அதைச் சுற்றிக் கொழுப்புத் தடவிய பருத்தித் துணி. மருந்தை அளவுக்குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே ஊற்றினால், குழலுக்குள் அணையாத ஒரு பொறி போதும், கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குண்டு மருந்தின்மேல் அழுந்த உட்கார்ந்திருப்பது. இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் வீங்கலாம், பிளக்கவும் கூடும். குழல் காலியாக இருக்கையில் திணிகோலை உள்ளே விட்டு வாய்மட்டத்தில் ஒரு கோடு, மருந்தும் குண்டும் இட்டபின் இன்னொரு கோடு என்று கீறிக்கொள்ளுங்கள். இரண்டாம் கோடு வாய்மட்டத்துக்கு வரும்வரை சுடக் கூடாது. பிறகு துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, மண்மேட்டைப் பார்க்கவைத்து, நீண்ட கயிற்றால் மரத்தின் பின்னாலிருந்து விசையை இழுங்கள். மூன்று வேட்டுகள் அப்படித் தீர்ந்தபின் தோளில் வைக்கலாம்.

பதில்: கரிப்புகை

பழையகுழல் சொல்வதை ஏற்கிறேன். கயிற்றால் மூன்று வேட்டு என்பதை மட்டும் நான் ஐந்தாக்குவேன், அது என் கோழைத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முதலில் வரப்போகும் தொல்லை குழல் வெடிப்பதாக இருக்காது, வெடிக்காமல் போவதாகத்தான் இருக்கும். கல்லின் பொறி விழும் சிறு கிண்ணத்தில் மருந்து பளிச்சென்று எரிந்துவிடும், குழலுக்குள்ளே பற்றாது. கிண்ணத்தை நிரப்பி, அங்கிருந்து குழலுக்குள் செல்லும் துளையான பற்றுவாயை மூடிவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. அப்போது துளைக்குள் இருக்கும் மருந்து திரிபோல மெதுவாக எரிந்து உள்ளே செல்ல வேண்டியிருக்கும். துளை வெறுமையாக இருந்தால் கிண்ணத்தின் அனலே நேராகப் பாயும். இன்னும் நுண்ணிய நான்கு எஃப் பொடியில் சிறிதளவு, துளைக்குக் கீழே, போதும். பற்றாவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருங்கள். தாமதித்து வெடிப்பது உண்டு.

பதில்: சட்டப்புள்ளி

இதை இந்தியாவில் படிப்பவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், குழல்வாய்வழி வெடிமருந்திடும் இத்தகைய பழங்கால வடிவத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நாட்டுத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். உரிமமின்றிச் செய்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழாண்டுச் சிறை.

பதில்: லங்காஸ்டர்வாசி

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை நண்பர் ஒருவரின் பண்ணையில் சுட்டோம். கரிப்புகை ஐயா சொன்னது அப்படியே நடந்தது: முதல் இரண்டு இழுப்புகளிலும் கிண்ணம் எரிந்தது, வெடி தீரவில்லை. இரண்டு முறையும் காத்திருந்து, பற்றுவாயில் மெல்லிய கம்பியை விட்டெடுத்தபோது எண்ணெயில் ஊறிய மருந்து பசையாக ஒட்டி வந்தது. துரு பிடிக்காதிருக்க நான் தாராளமாக ஊற்றிய எண்ணெய் அடிமூடியில் தேங்கியிருந்திருக்கிறது. கோலில் திருகு மாட்டிக் குண்டை வெளியே இழுத்து, நனைந்த மருந்தைக் கொட்டி, உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் இட்டோம். மூன்றாம் இழுப்பில், கிண்ணத்தின் ஓசையும் குழலின் ஓசையும் வேறு வேறாகக் கேட்காதபடி, ஒரே வேட்டாகத் தீர்ந்தது. ஐந்தையும் கயிற்றால்தான் தீர்த்தேன்.

தோளில் வைத்துச் சுட்டவை 25 கஜத்தில் ஒரு சாண் கீழே விழுகின்றன. முன் குறிமுள்ளை அரத்தால் தேய்க்கலாமா?

பதில்: பழையகுழல்

தேய்க்கலாம்; முன்முள் தாழ்ந்தால் குண்டு மேலேறும். தேய்ப்பதற்கென்றே அதை உயரமாக வைத்து அனுப்புகிறார்கள். ஆனால் முதலில் நீங்கள் வேட்டைக்குப் பயன்படுத்தப்போகும் மருந்தளவை முடிவு செய்யுங்கள், பிறகு இரண்டு இழைப்பு, மூன்று வேட்டு என்று போங்கள். இன்றிரவே குழலை வெந்நீரால் கழுவினீர்களா? கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். நாளைக்கு வைத்தால் துருதான்.