மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல்: பஸ்ஸில் போய்வர எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி லண்டனிலிருந்து மான்செஸ்டர் போகிறோம், பையன் ஏழாம் வகுப்புக்கு மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் நுழைவுத்தேர்வு எழுதப்போகிறான். 1515-ல் ஹியூ ஓல்டம் என்ற பிஷப் தொடங்கிய பள்ளி. சின்னத்தில் ஆந்தை ஒன்று 'டம்' என்று எழுதிய சுருளோடு நிற்கும், ஆந்தைக்கு ஆங்கிலத்தில் அவுல், சேர்த்துப் படித்தால் அவர் பெயர்! பையன் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து வேறு பள்ளிப் பேச்சையே எடுக்க விடவில்லை.

போன வாரம் ஊர் பார்க்கப் போனபோது பழைய கட்டடம் கதீட்ரல் பக்கத்தில்தான் என்று அங்கே போய் நின்றோம். பள்ளி 1931-லேயே தெற்கே ஓல்ட் ஹால் லேனுக்குப் போய்விட்டதாம்! சரி, வந்தது வந்தோம் என்று பக்கத்திலிருக்கும் சீத்தம் நூலகத்தில் மார்க்சும் எங்கெல்சும் 1845-ல் உட்கார்ந்து படித்த மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இப்போது விஷயம். ஹாஸ்டல் கிடையாது, தினமும் போய்வர வேண்டும். ரஷோம், ஃபாலோஃபீல்ட், டிட்ஸ்பரி, இதில் எது குடும்பத்தோடு இருக்கத் தோதான இடம்? வில்ம்ஸ்லோ ரோட்டில் காலை பஸ் நெரிசல் எப்படி, பதினொரு வயதுப் பையனைத் தனியாக அனுப்பலாமா? அப்புறம், வருமானத்தைப் பார்த்துத் தரும் பர்சரிக்கு (பள்ளிக் கட்டண உதவிக்கு) விண்ணப்பித்தவர்கள் யாராவது இருந்தால் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள், ஒரே சம்பளம்தான் எங்களுக்கு.