புதுப்பிப்பு: எங்கட லேனுக்கு 30 வருமா?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் இருக்கிற எங்கட லேனைக் குறுக்குவழியாக்கி வாகனக்காரர் பறக்கிறார்கள், வேக எல்லையை மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 30 ஆக்கலாமா என்று கூட்டம் வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள், போகவா வேண்டாமா என்று. போனேன்.

முதல் அரை மணித்தியாலம் பார்க்கிங் சண்டை. அதை விடுங்கோ. பிறகு ஓட்டோக்கார அண்ணா ஒருவர், "முப்பதில போனா ஹயர் எப்பிடித் தம்பி ஓடுறது?" என்றார். நியாயமான கேள்விதான். லேன் மொத்தம் 300 மீற்றர். 50இல் 22 செக்கன், 30இல் 36. பதினாலு செக்கன்தான் வித்தியாசம் என்றதும் சிரித்துவிட்டார்.

"பிரேக் நல்லா இருந்தா 50 காணும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தீர்கள். அடுத்த நாள் விடிய சோக்கட்டியோடு இறங்கினேன். ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் என்றாலும், அதற்குள் 30இல் 8 மீற்றர், 50இல் 14 மீற்றர் ஓடிவிடும். எங்கட கேற்றிலிருந்து அளந்தால் எட்டு, பக்கத்து வீட்டு வேம்படி. பதினாலு, ரியூசன் வாசல். பிள்ளைகள் செருப்புக் கழற்றுகிற இடம். பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை!

வீதிப் பாதுகாப்புக்கான 2020 ஸ்டொக்ஹோம் பிரகடனமும் நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கிற வீதிகளுக்கு இதே 30ஐத்தான் சொன்னது. அதையும் கருத்துப் படிவத்தில் எழுதினேன்.

வேகத்தடை கேட்டவர்களுக்கு: அதற்குத் தனிக் கடிதம் கொடுக்கவேணுமாம். மேல்மாடி மாமி கையெழுத்து வாங்கித் திரிகிறா. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.